பொட்டு வைத்த பெட்டி

குண்டசாலை, கண்டி
03.11.2024

அன்புத் தங்கச்சி வடிவுக்கு,

எப்படி இருக்கிறாய்? மச்சான் சுகமா? கோத்தகிரியில் குளிர் தொடங்கியிருக்கும், காதை மூடிக்கொண்டு படு. கல்யாணப் பொண்ணு சஞ்சீவனி ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா? இங்கே நானும் உன் அண்ணியும் இருக்கிறோம். நலம் என்று எழுத மனம் வரவில்லை.

தேங்காய் உரித்த கை, எழுத்து கோணல்தான். என்ன செய்ய, நீ என் நம்பரை பிளாக் பண்ணிவிட்டாயே.

என் பையன் யுகேஷ் கட்டாரிலிருந்து லீவில் வந்தபோது மாட்டித் தந்த இன்டர்நெட் போனில் மூன்று ஞாயிறு கூப்பிட்டாய். வெற்றிலைத் தட்டைக் கையில் ஏந்தி, "அண்ணே, தாய்மாமன் சீர் தூக்கி வரணும், வாய் தொறந்து வர்றேன்னு சொல்லுங்க" என்றாய். மாமன் வாயால் சொன்னால்தான் அழைப்பு நிற்கும் என்பது எனக்குத் தெரியாதா? மூன்று தரமும் சொன்னேன். கடைசித் தரம் நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நிஷாந்தி டீச்சர் ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தாள். மகாவலிக்கு அந்தக் கரையில் நின்ற தோணிக்காரனையே இந்தக் குரலால் திருப்பியிருக்கிறேன். அவனுக்கு ஒரு காது மந்தம், அது வேறு கதை. உனக்கு மட்டும் கேட்கவில்லையாம். "கல்லு மாதிரி இருக்கீங்களே" என்று அழுது போனை வைத்துவிட்டாய். இது என்ன நியாயம்?

உன் அண்ணன்
வீரய்யா

*

கோத்தகிரி
14.11.2024

அண்ணனுக்கு,

வணக்கம். அண்ணிக்குக் கால் வீக்கம் இறங்கியதா?

வர்றேன் என்று சொன்னீர்களாம். இங்கே ஒரு மூச்சுச் சத்தம்கூட வரவில்லை. சம்பந்தி வீட்டார் முன்னால் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கை கடுத்ததுதான் மிச்சம். சம்பந்தி அம்மா, "உங்க அண்ணனுக்கு இதுல இஷ்டம் இல்லை போல" என்று மெதுவாகக் கேட்டார்கள். எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வேன்?

எனக்குக் காரணம் தெரியும். முறைப்பெண்ணை யுகேஷுக்குக் கொடுக்காமல் வெளியில் கொடுக்கிறேன் என்ற கோபம். அதைச் சொல்லித் திட்டியிருந்தால் பட்டிருப்பேன். வாயை மூடிக்கொண்டு என்னை அவமானப்படுத்தியதுதான் தாங்கவில்லை.

தையில் கல்யாணம். மாமன் இடம் காலியாக இருக்கக் கூடாது. சித்தப்பா மகன் சந்திரகுமார் அண்ணனை உட்காரச் சொல்லிவிட்டேன்.

வடிவம்மா

*

குண்டசாலை
25.11.2024

தங்கச்சி வடிவுக்கு,

சுகம் கேட்கும் நிலையில் நான் இல்லை. ஆனாலும் கேட்கிறேன், சுகமா?

சந்திரகுமாரா? என் இடத்திலா? சஞ்சீவனி பிறந்த செய்தி வந்த அன்று, கடையைப் பாதியில் மூடிவிட்டு மார்க்கெட் முழுக்கக் கற்கண்டு கொடுத்தவன் நான். யுகேஷைப் பற்றி இனிமேல் எழுதாதே. அவனே என்னிடம், "அத்தை மகளைத் தங்கச்சியாத்தான்பா பார்த்தேன்" என்று எப்போதோ சொல்லிவிட்டான். எனக்குக் கோபம் இருந்ததில்லை. இப்போது இருக்கிறது.

நான் பேசியது எங்கே போனது என்று தேடாமல் விடுவதில்லை என்று புறப்பட்டேன். வெளிநாட்டுக்கு எடுக்க முடியாத நிஷாந்தி டீச்சர் போனில் இன்டர்நெட் கம்பெனிக்குப் பேசினால் தமிழுக்கு மூன்றை அழுத்தச் சொன்னது. அழுத்தினால் பாட்டு. பாட்டு முடிந்து வந்த பெண், ரவுட்டரை அணைத்துப் போடச் சொன்னாள். நான் அணைத்து அணைத்துப் போட்டு சுவிட்சுதான் தளர்ந்தது. பிறகு கெலிஓயாவில் போன் கடை வைத்திருக்கும் ஸிபானைக் கூப்பிட்டேன். பல்லேகலயில் கிரிக்கெட் மேட்ச், ரோடு முழுக்க வாகனம். மனுசன் வந்து சேரும்போது பிளேன்டீ ஆறிப்போயிருந்தது.

அவர் கட்டாருக்கு ஒரு அழைப்பு எடுத்துப் பார்த்தார். யுகேஷ் பேசுவது இங்கே கேட்டது. நாங்கள் பேசுவது அங்கே கேட்கவில்லை. வயரைப் பிடித்துக்கொண்டே போனவர் சுவரில் இருக்கும் சாமித் தட்டு முன்னால் நின்றார்.

வடிவு, இதைப் படித்துச் சிரித்தால் எனக்கு இன்னும் கோபம் வரும். கம்பெனி தந்த பழைய இன்டர்நெட் பெட்டிக்கு உன் அண்ணி ஆயுத பூசையில் சந்தனம் குங்குமம் வைத்தாள். மறுவாரமே யுகேஷ் புதுப் பெட்டியோடு வந்தான். பொட்டு வைத்ததை அடுத்த பூசை வரைக்கும் கழற்றவே கூடாது என்று இவள் ஒற்றைக்காலில் நின்றாள். அவன் என்ன செய்வான், பழையதன் வாலில் புதியதை மாட்டிவிட்டுப் போய்விட்டான்.

"பழைய பெட்டியில ஒரு காவல் போட்டிருக்கு. அவங்க பேச்சை உள்ள விடுது, உங்க பேச்சை வாசல்லயே நிப்பாட்டுது" என்றார் ஸிபான். அந்தப் பெட்டி சாமிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு என் வாயைக் கட்டியிருக்கிறது. இவளோ கும்பிட்டுக்கொண்டிருக்கிறாள்!

அண்ணியோடு வாதாடி ஜெயிக்க அவராலும் முடியவில்லை. கடைசியில் பழைய பெட்டி பொட்டோடு தட்டிலேயே இருக்கிறது. லைட் எரிகிறது, இன்டர்நெட் வயர் இல்லை. லைன் நேராகப் புதுப் பெட்டிக்குப் போகிறது. யுகேஷை மறுபடி கூப்பிட்டோம். "அப்பா, ஏன் கத்துறீங்க?" என்றான்.

இப்போது நீ கூப்பிடு.

வீரய்யா

*

கோத்தகிரி
05.12.2024

அண்ணனுக்கு,

சாமி பெட்டிக் கதையை இங்கே யாரும் நம்பவில்லை. நான் நம்புகிறேனா என்று கேட்காதீர்கள்.

மார்கழி பிறந்துவிட்டால் அழைக்க முடியாது. பதினைந்தாம் தேதி ஞாயிறு காலை, கடைசியாக ஒரு தரம் தட்டை எடுக்கிறேன். சம்பந்தி வீட்டாரும் சந்திரகுமார் அண்ணனும் இருப்பார்கள். உங்கள் குரல் வந்தால் இடம் உங்களுக்கு. வராவிட்டால் அவருக்குத்தான். பிறகு எனக்குக் கடிதமும் வேண்டாம்.

வடிவு

*

குண்டசாலை
15.12.2024

வடிவு,

விடிந்ததிலிருந்து போன் பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தேன். நான் கால் ஆட்டுவது பார்க்கச் சகிக்கவில்லை என்று உன் அண்ணி முற்றத்துக்கு விரட்டிவிட்டாள். கை சும்மா இருக்காமல் எழுதுகிறேன்.

யோசிக்க யோசிக்க ஆத்திரம்தான். நாற்பது வருசமாகக் கடலுக்கு நீ ஒரு கரை, நான் ஒரு கரை. என்றைக்காவது உன்னிடம் பேசாமல் இருந்திருக்கிறேனா? பேச்சைக் குறை என்று நீயே சொல்வாய். அப்படிப்பட்டவன் சத்தமில்லாமல் இருந்தால், மிஷினில் ஏதோ கோளாறு என்றல்லவா உனக்குத் தோன்றியிருக்க வேண்டும்? எடுத்த எடுப்பில் அண்ணன் மனசில் கோளாறு என்று எப்படி நினைத்தாய்? சந்திரகுமாருக்குப் பட்டு வேட்டி எடுத்தாயா? எடுத்திருந்தால் அவனே வைத்துக்கொள்ளட்டும். அவனும் பாவம், சின்ன வயதில் எங்கள் கூடவே

அண்ணி உள்ளேயிருந்து கூப்பிடுகிறாள். "ஏங்க, வடிவு லைன்ல. நான் ஹலோன்னு சொன்னது அங்க கேட்டிருச்சு. பேச முடியாம அழுவுது, ஓடியாங்க."

அழட்டும். வர்றேன் என்பதைப் பிறகு சொல்வேன். முதலில் உன்னை நன்றாக நாலு வார்த்தை