உள்பக்கத்து விரிசல்

காருக்குள் பசை வாசம் இன்னும் போகவில்லை. முன்கண்ணாடி மாற்றி ஒன்பது நாளாகிறது. கதவைத் திறந்தால் டயர் கடையும் மருந்துக் கடையும் கலந்தது போல ஒரு நெடி மூக்கில் ஏறுகிறது. இன்று காலையில் வண்டிக்குள் போய் உன் இருக்கையில், இடது பக்கம், உட்கார்ந்து பார்த்தேன். வண்டி வாங்கிய நாளிலிருந்து அந்தப் பக்கம் நான் உட்கார்ந்ததே இல்லை. எதிரே கண்ணாடி இருப்பதே தெரியவில்லை, அவ்வளவு சுத்தம். பழைய கண்ணாடியில் அதே இடத்தில் என்ன தெரிந்திருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். ஏழு மாதம் அதைப் பார்த்துக்கொண்டே என்னோடு வந்திருக்கிறாய். உடனே இறங்கிவிட்டேன்.

லாரியிலிருந்து கல் தெறித்துக் கண்ணாடி விரிசல் விட்டது என்று ஊருக்கெல்லாம் சொன்னாய். உன் அண்ணனிடம் சொன்னாய், எதிர்வீட்டில் சொன்னாய், பெற்ற மகள் மலரிடமும் சொன்னாய். பொய் சொல்ல வராத மனுஷி நீ. பால்காரர் கேட்டால்கூட நேற்று வாங்கிய பாலில் தண்ணீர் என்று முகத்துக்கு நேரே சொல்கிறவள். ஆனால் இதை மட்டும் தண்ணீர் குடிக்கிற மாதிரி சொன்னாய். ஜல்லி ஏற்றிய லாரி, தார்ப்பாய் போடவில்லை என்றெல்லாம் சேர்த்துக்கொண்டாய். போகப் போக நானே அந்த லாரிக்காரனைத் திட்ட ஆரம்பித்துவிட்டேன். என்னைப் போல வெட்கம் கெட்டவன் உண்டா?

சோழபுரத்தில் உன் அண்ணன் பேரனுக்குக் காதுகுத்து. மூத்த மாப்பிள்ளையான என்னை மூன்றாம் பந்தியில் உட்கார வைத்துவிட்டார்கள். இன்றைக்குச் சொன்னால் சிரிப்பார்கள். அன்று எனக்கு அது தலை போகிற காரியம். வண்டியில் ஏறியதிலிருந்து உன் அண்ணனை, அவர் பிள்ளைகளை, சமையல்காரரை, இலை போட்டவனை என்று ஒருவரையும் விடவில்லை. மில்லில் முப்பது வருஷம் மெஷின் சத்தத்துக்கு மேல் கத்திப் பழகிய தொண்டை. அங்கே எனக்குப் பட்டாசு என்று பெயர் வைத்திருந்ததை நான் பெருமையாக உன்னிடம் வந்து சொன்னவன்தானே. நீ கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "மூணாம் பந்தியிலதான் பாயாசம் கெட்டியா இருக்கும். நீங்களும் ரெண்டு தடவ வாங்கிக் குடிச்சியள்லா?" என்றாய்.

கேலிதான். உண்மையும்கூட. நான் வண்டியை ஓரங்கட்டினேன். நமக்கு நடுவில் எவர்சில்வர் தண்ணீர் பாட்டில் இருந்தது, நிறைய தண்ணீரோடு. எடுத்து எறிந்தேன். உன் மேல் எறியவில்லை, கண்ணாடியைப் பார்த்துத்தான் எறிந்தேன் என்று இன்றுவரை எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். பாட்டிலின் அடிவிளிம்பு உன் முகத்துக்கு நேர் எதிரே கண்ணாடியில் மோதியது. மோதிய இடத்தில் நட்சத்திரம் போல ஒரு காயம், அதிலிருந்து ஒரு சாண் நீளத்துக்குக் கோடு. பாட்டில் திரும்பி வந்து உன் மடியில் விழுந்து பட்டுப் புடவை நனைந்தது. நீ மூடியைத் தேடி எடுத்துத் திருகி மூடினாய். "வண்டிய எடுங்க. மலர் ஊர்ல இருந்து வந்துருப்பா" என்று மட்டும் சொன்னாய்.

அதற்குப் பிறகு நீ வண்டிக்குள் கேலி பேசவே இல்லை. அதைக் கவனிக்கவே எனக்கு நீ போக வேண்டியிருந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூர் போனபோது கோவில் வாசலில் ஆண்டாள் படம் போட்ட ஸ்டிக்கர் ஒன்று வாங்கினாய். அதைக் கண்ணாடியின் உள்பக்கத்தில் அந்த நட்சத்திரத்தின் மேல் சரியாக ஒட்டினாய். பார்க்கிறவர்களுக்குப் பக்தி. ஏறும்போதெல்லாம் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாய். கண்ணாடியை மாற்றிவிடலாம் என்று நான் மூன்று முறை சொன்னேன். மூன்றாவது முறை வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாய், தலையைத் தூக்காமல் சொன்னாய்: "மாத்துனா நீங்க மறந்துருவிய."

பங்குனியில் ஒரு காலை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய். அதே காரில், அதே இருக்கையில்தான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். கண்ணைத் திறந்தபோதெல்லாம் எதிரே அந்தப் படம்தான் இருந்திருக்கும். நீ திரும்பி வரவில்லை.

மலருக்கு இப்போது ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை. ராஜபாளையத்திலிருந்து தினமும் காரிலேயே போய் வருகிறேன் என்றாள். கோடு அதற்குள் ஓட்டுகிற பக்கம்வரை ஓடியிருந்தது. காலை வெயில் பட்டால் எதிரே வருகிற பஸ் இரண்டாகத் தெரிகிறதாம். மாற்றியே ஆக வேண்டும் என்றாள். அவள் சொன்னதில் தப்பில்லை. ஆனாலும் நான் இன்றைக்கு நாளைக்கு என்று இழுத்தடித்தேன். படம் இருக்கும்வரைதான் எனக்குப் பாதுகாப்பு. உன் பிள்ளை தன் சிநேகிதிகளிடம் என்னைப் பற்றி ஒன்று சொல்வாள், நீயும் கேட்டிருக்கிறாய்: "எங்கப்பா கத்துவாரு, அம்புட்டுதான். கை நீட்ட மாட்டாரு." அந்தச் சொல் போய்விட்டால் இந்த வீட்டில் எனக்கு என்ன மிச்சம்? சாப்பாட்டுத் தட்டும் நாற்காலியும்தான்.

கடைசியில் நாங்கள் போன கண்ணாடிக் கடை ஸ்ரீவில்லிபுத்தூரில் மடவார் வளாகம் போகிற வழியில் இருக்கிறது. கடைக்காரருக்கு நாற்பது வயது இருக்கும், அவரும் தம்பியுமாக வேலை பார்க்கிறார்கள். வண்டியை விட்டதும் மலர் முதலில் சொன்னது, "அண்ணே, அந்தப் படம் எங்கம்மா ஒட்டுனது. கிழியாம எடுத்துக் குடுங்க."

"பழைய படம்மா, வேற வாங்கிக்கிடலாம்" என்றேன். "நீங்க சும்மா இருங்கப்பா" என்றாள்.

அவர் துணியை வெந்நீரில் நனைத்துப் படத்தின் மேல் வைத்தார். பிறகு பிளேடின் நுனியால் ஓரத்தை நெம்பி, மெல்ல மெல்ல உரித்தார். மலர் பக்கத்தில் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வெளியே வைப்பர் அருகே நின்றேன். படம் முழுசாக வந்தது. அதை அவள் உள்ளங்கையில் வாங்கிக்கொண்டாள். அவர் அந்த நட்சத்திரத்தின் மேல் நகத்தை வைத்துக் கீறிப் பார்த்தார், நகம் சிக்கியது. பிறகு இறங்கி வந்து வெளிப்பக்கம் அதே இடத்தைத் தடவினார். வழுவழுவென்று இருந்தது. மறுபடியும் உள்ளே போய்த் தடவினார்.

"கல்லா பட்டுச்சு? கல்லு பட்டா வெளியதான குழி விழும். இது உள்ள இருந்துல்லா..." என்று ஆரம்பித்தவர் என்னைப் பார்த்தார். என் முகத்தில் என்ன கண்டாரோ, நிறுத்திக்கொண்டார்.

"உள்ள இருந்துன்னா?" என்றாள் மலர்.

"ஒண்ணுமில்ல தங்கச்சி. சமயத்துல இப்படியும் விழும். கல்லுதான்."

உனக்கு அடுத்தபடியாக எனக்காகப் பொய் சொன்ன மனிதர் அவர். முன்பின் தெரியாதவர். தப்பித்தேன் என்று மூச்சு விட்டதும் உண்மை. அந்த மூச்சு வெளியே வந்தபோதே அதன் மேல் எனக்கு அருவருப்பும் வந்தது.

அண்ணனும் தம்பியும் மெல்லிய கம்பியைப் பழைய பசைக்குள் நுழைத்து, ஒருவர் உள்ளேயும் ஒருவர் வெளியேயும் இருந்து ரம்பம் இழுப்பது போல இழுத்தார்கள். நானும் மலரும் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தோம். அவள் படத்தை ஒரு நோட்டுக்குள் வைத்துக்கொண்டிருந்தாள். கண்ணாடி முழுசாகக் கழன்று வந்தபோது, "அம்மா ரொம்பப் பயந்துருப்பாள்லாப்பா?" என்றாள். "மூஞ்சிக்கு நேரா வந்துருக்கு. நல்ல வேள, நீங்க பக்கத்துல இருந்திய."

அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அவள் திட்டியிருந்தால் எதிர்த்துப் பேசியிருப்பேன், சந்தேகப்பட்டிருந்தால் சாதித்திருப்பேன். நன்றி சொல்கிறவளிடம் என்ன செய்வது?

"கல்லு இல்லம்மா" என்றேன். "நான்தான். தண்ணி பாட்டில எடுத்து எறிஞ்சேன்."

அவளுக்குப் புரியவில்லை. எதற்கு என்று கேட்டாள். மூன்றாம் பந்தி என்று சொன்னேன். வாய்விட்டுச் சொல்லும்போது அது எவ்வளவு கேவலமாக இருந்தது தெரியுமா? உள்ளே கம்பியைச் சுற்றிக்கொண்டிருந்த கடைக்காரர் கேட்காதது போல முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார்.

"அம்மா மேல பட்டுச்சா?"

"இல்ல. கண்ணாடியிலதான்."

"இது ஒரு தடவதானா?"

ஆமாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். ஆண்டாள் படம் வைத்த நோட்டை அவள் நெஞ்சோடு பிடித்திருந்தாள். ஆமாம் வரவில்லை.

"எத்தன தடவப்பா?"

விரலை மடக்க ஆரம்பித்தேன். மூன்றாவது விரலில் குழம்பிப்போய் நிறுத்திவிட்டேன். "தெரியலம்மா" என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வையை எழுதத் தெரியவில்லை. அதில் கோபம்கூட இல்லை. பழக்கமான தெருவில் தப்பான வீட்டுக்குள் நுழைந்துவிட்டவள் போலப் பார்த்தாள்.

புதுக் கண்ணாடியை இரண்டு பேரும் ரப்பர் உறிஞ்சுபிடியால் தூக்கி வைத்தார்கள். பசை பிடிக்க இரண்டு மணி நேரம் வண்டியை அசைக்கக்கூடாது, இன்றைக்கு ஒரு நாள் கதவை ஓங்கி அடைக்கவும் கூடாது, உள்காற்று தள்ளிக் கண்ணாடி நகர்ந்துவிடும் என்றார் கடைக்காரர். அந்த இரண்டு மணி நேரம் என் ஆயுளில் பாதி. மலர் எழுந்து வைத்தியநாத சுவாமி கோவில் பக்கம் போனாள். போனவள் வருவாளா, அப்படியே பஸ் ஏறிவிடுவாளா என்று தெரியாமல் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைக்காரர் டீ வாங்கி வந்து என் கையில் வைத்தார். "குடிங்க அண்ணாச்சி" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது, டீயை ஊதுவது போலக் குனிந்துகொண்டேன்.

நேரம் முடிகிற சமயத்தில் வந்தாள். நெற்றியில் திருநீறு இருந்தது, கண் சிவந்திருந்தது. அவளுக்கு அப்படியே என் கோபம் என்று நீயே சொல்வாய். சின்ன வயதில் அவள் கதவை அடைத்தால் சுவரில் மாட்டிய படம் ஆடும். ஓட்டுகிற பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்து, கைப்பிடியை இறுக்கிப் பிடித்தாள். பிடித்தபடியே கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, டக்கென்ற சத்தம்கூட இல்லாமல் இழுத்து மூடினாள். அறுபது வயதுவரை எனக்கு வராத காரியம் அது.

வீட்டுக்கு வந்து சோறு வைத்தாள். "கத்துனா கத்திட்டுப் போவாருன்னுதான அம்மா சொல்லுவா, நானும் அப்படித்தான் நெனச்சேன். எத்தன தடவன்னு நீங்க யோசிச்சுச் சொல்லுங்க. எனக்குத் தெரியணும்" என்றாள். அதன் பிறகு இந்த ஒன்பது நாளும் சாப்பிட வாங்க, மாத்திரை போட்டாச்சா என்பதற்கு மேல் பேச்சு கிடையாது. அவள் என்னை மன்னிப்பாளா என்று கேட்க எனக்கு யோக்கியதை இல்லை. அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான், அதற்காவது நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும் என்று தினமும் உட்கார்ந்து யோசிக்கிறேன்.

குழம்புச் சட்டி ஒன்று. டிரான்சிஸ்டர் ஒன்று. மலர் கைக்குழந்தையாக இருந்தபோது ஒரு பால் டம்ளர். உன் தையல் மெஷின் மேலிருந்த கத்தரிக்கோல். டார்ச் லைட். அந்தப் பாட்டிலோடு சேர்த்து ஆறுவரை வந்துவிட்டேன், ஆறோடு நிற்காது என்றும் தெரிகிறது. மொத்தம் எத்தனை என்று உனக்குத்தான் தெரியும். அதைக் கேட்கத்தான் பேனாவை எடுத்தேன். உன்னிடம் ஒரு நாளும் மன்னிப்புக் கேட்காதவன், இப்போதும் உன்னிடம் ஒரு வேலையைச் சுமத்தத்தான் வந்திருக்கிறேன்.

எழுதும்போது இன்னொன்று தெரிந்தது. நாளைக் காலையில் மலரிடம் முதலில் இதைத்தான் சொல்லப்போகிறேன். நினைவுக்கு வந்த சாமான் ஒவ்வொன்றும் கண் முன்னே நிற்கிறது. எது உடைந்தது, எது நெளிந்தது, எதைப் பிறகு கடையில் கொடுத்து ஒட்டினேன் என்பதுவரை நினைவிருக்கிறது. அந்த நேரத்தில் நீ எங்கே நின்றாய், உன் முகம் எப்படி இருந்தது என்று கேட்டால், ஒன்றில்கூட எனக்குத் தெரியவில்லை. நான் பார்க்கவே இல்லை.