நிற்கலாகாத முரசு வரிசை

செங்குவளை நாடாளும் கோ இளவெற்றி மாறனாரின் திருவாய்மொழிப்படி, பெருமந்திரி நக்கன் பொதியனார், பாழித்துறை எல்லைக்கோட்டைத் தலைவர் ஏனாதி வல்லங்கிழார்க்கு விடுக்கும் ஓலை. தங்கள் மதில் விரிசலின்றி நிற்க. தங்கள் குடிகள் பசியின்றி வாழ்க.

முரசுப் பட்டறைக் கண்காணி கண்டன் காரியை ஆற்றுக்கு அப்பால் துரத்துமாறு சென்ற திங்கள் எழுதியிருந்தோம். அவ்வோலையைத் தாங்கள் அடுப்பில் இடலாம். காரணம் வருமாறு.

கருங்கரை நாட்டார் படையெடுப்பர் என்ற அச்சத்தால், மழைக்கு முன் ஆயிரம் முரசு வேண்டும், தவறினால் நாடு கடத்தப்படுவாய் என்று மன்னர் காரிக்குக் கட்டளையிட்டார். காரி முதற்காரியமாக ஒரு முரசின் பின்னாலேயே நடந்து பார்த்தான். தச்சர் தெரு வடக்கே, கொல்லர் தெரு மேற்கே, தோல் பதனிடுவோர் தெற்கே, கயிறு முறுக்குவோர் கிழக்கே. தொழிலுக்கு ஒரு தெரு என்பது முன்னோர் வகுத்த ஒழுங்கு. பார்க்க அழகாகவே இருந்தது. ஆனால் அம்முரசு ஊரைச் சுற்றி முழுமை பெற நாற்பது நாள் ஆயிற்று. அதன்மேல் கைபட்டதோ இரண்டே நாள். கொல்லர் வாசலில் மட்டும் தன் முறைக்காக ஒரு திங்கள் கிடந்தது. கோழியொன்று அதனுள் முட்டையிட்டு, அடைகாத்து, குஞ்சும் பொரித்துவிட்டது. மழைக்கு எஞ்சிய நாள்களைக் காரி விரல்விட்டு எண்ணினான். கோழியை வீட்டுக்கு எடுத்துப்போனான்.

மறுநாளே அவன் எவரையும் கேளாமல் நான்கு தொழிலாரையும் யானைக்கொட்டில் வீதிக்கு அழைத்து, ஒருவர் முடித்ததை அடுத்தவர் கைநீட்டி வாங்கும்படி வரிசையாக உட்காரவைத்தான். வரிசையின் கடைசியில் ஒருவன் ஒவ்வொரு முரசையும் அரை நாழிகை அறைந்து சோதித்தான். நாளுக்கு நாற்பது முரசு முடிந்தது. யானைகள் வெயிலில் நின்றன. இருபத்தைந்தாம் நாள் ஆயிரமும் நிறைந்தது. ஆயினும் அனுமதியின்றித் தெருவை மாற்றிய குற்றத்துக்கு அதே தண்டனை விதிக்கப்பட்டது.

காரி மூட்டை கட்டிய அன்று, கருங்கரை வேந்தன் திறையோடு வந்து மன்னர் காலில் விழுந்தான். மதிலுக்கு வெளியே மறைந்திருந்த அவன் ஒற்றர்கள், ஒவ்வொரு முழக்கமும் புதிதாக வந்து சேரும் ஒரு படை என்று எண்ணி, நாளுக்கு நாற்பது படை என்று சொல்லியனுப்பியிருந்தனராம்.

இனிப் போர் இல்லை, முரசும் வேண்டியதில்லை. ஆனால் முழக்கம் ஓய்ந்தால் அவனுக்குத் துணிவு திரும்பிவிடும். மரமோ தீர்ந்துவிட்டது. ஆகவே வரிசையை வளைத்து வட்டமாக்கி, சோதித்த முரசை அங்கேயே பிரித்து, மரத்தையும் இரும்பையும் தோலையும் கயிற்றையும் அவரவர் கைக்கே திருப்பித் தந்து, வேலை ஒருநாளும் நில்லாமல் நடக்க வேண்டும் என்று மன்னர் பணித்தார்.

கேட்டதும் காரி வாய்விட்டு அழுதான். முடித்ததையே அவிழ்க்கும் கை எத்தனை நாள் தாங்கும் என்றும், முன்பு அருளிய தண்டனையையே தனக்கு மீண்டும் அருள வேண்டும் என்றும் விண்ணப்பித்தான். மன்னர் மனமிரங்கி அவனுக்கு முரசுப் பேரரையன் என்னும் பட்டமும், சோதிக்கும் இடத்தை ஒட்டிய வீடும் வழங்கினார். அவன் முகத்தைப் பார்க்க நமக்கே பொறுக்கவில்லை. இருப்பினும் பட்டயத்தை நாமே எழுதினோம்.

நேற்று முதல் பேரரையனைக் காணவில்லை. தங்கள் துறைக்கு வந்தால் தோணியில் ஏற்றலாகாது. பட்டத்துக்குரிய மரியாதைகளோடு பல்லக்கில் ஏற்றித் திருப்பி அனுப்புக. கக்கத்தில் ஒரு கோழி இருக்கும், அடையாளம் அதுவே. கோழிக்குத் தடையில்லை. அது விரும்பினால் ஆற்றைக் கடக்கலாம்.

இது அரசாணை. யானைப் பொறி ஒற்றப்பட்டது.