குளோத்தில்தே குடித்த கசப்பு

அன்பு மகள் ஒடிலியாவுக்கு அம்மா எழுதுவது,

கன்னி மரியாளின் தயவில் இங்கே நானும் அப்பாவும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம், நீயும் அந்த சிகாகோ பனியில் காய்ச்சல் தலைவலி இல்லாமல் இருக்க தினமும் மெழுகுவர்த்தி ஏற்றுகிறேன். உன் தம்பி பெண்டாட்டி முழுகாமல் இருக்கிறாள், எதைத் தின்றாலும் வாந்தி, இலவங்கப்பட்டைத் தண்ணீர் சூடு, வேண்டாம் என்று சொல்லி சீமைச்சாமந்திப் பூவைக் கொதிக்க வைத்துக் கொடுக்கிறேன். அப்பாவுக்கு முழங்கால் வலி, ஆனால் மெஸ்கால் சாராயக் கடைக்கு மட்டும் கால் தானாக நடக்கிறது. இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருப்பேன், ஆனால் இப்போது சொல்லப் போகும் விஷயத்தை எடுத்தாலே நீ "பழச விடும்மா" என்று வாயை அடைத்துவிடுவாய். காகிதத்தின் வாயை உன்னால் அடைக்க முடியாது, உட்கார்ந்து முழுக்கப் படி.

அந்த ரொட்டிக்காரி குளோத்தில்தே என் தழைக் கடைக்கு வந்தாள். உனக்கு மாமியாராக வந்திருக்க வேண்டியவள், தன் மகன் எவாரிஸ்தோ கல்யாணத்துக்கு முன்னால் பின்வாங்கியதும், நீ என் கடையிலிருந்தே அருவதாத் தழை எடுத்துக் கஷாயம் வைத்துக் குடித்துக் கருவைக் கலைத்தாய் என்று சந்தை முழுக்கச் சொல்லித் திரிந்தவள். என் தழை, என் பானை, என் மகள், மூன்றையும் ஒரே வாயால் அழுக்காக்கினாள். நீ ஊரைவிட்டே போனாய், தம்பி கல்யாணத்துக்குக்கூட வரவில்லை. அன்றிலிருந்து அப்பாவும் பக்கத்துக் கடைக்காரிகளும் "ஒரு வாய் கசப்புத் தழை குடிச்சிரு எபிஃபானியா, கோவம் பித்தமா மாறி ஆளையே தின்னுடும்" என்று கெஞ்சாத நாளில்லை. ஊருக்கெல்லாம் கோபம் இறங்கக் கஷாயம் விற்கிறவள் நான், என் கோபத்துக்கு மட்டும் ஒரு சொட்டுக்கூட வைத்துக் குடிக்கவில்லை. அது இறங்கிவிட்டால் உனக்காக யார் அவளை முறைப்பது?

இப்போது அவள் கதை கேள். எவாரிஸ்தோவும் அவனுடைய புதுப் பெண்டாட்டியும் அவளுக்குத் தெரியாமலே அடுப்போடு சேர்த்து ரொட்டிக் கடையை விற்றுவிட்டுக் கடற்கரைப் பக்கம் போய்விட்டார்கள். இவளுக்கு வந்த ஆத்திரத்தில் பித்தம் பொங்கி, வாயெல்லாம் கசந்து, தின்றது எதுவும் தங்கவில்லை. ஆஸ்பத்திரி மாத்திரையும் கேட்கவில்லை. வேறு தழைக்காரிகளிடம் போயிருக்கிறாள், அவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி "எபிஃபானியா பானைக்குப் போ" என்று அனுப்பிவிட்டார்கள். நான் சொல்லி வைத்ததுதான், உன்னிடம் மறைப்பானேன்.

ஞாயிற்றுச் சந்தை, கூட்டம் நிற்க இடமில்லை. சால்வையை மூக்குவரை இழுத்து மூடிக்கொண்டு வந்து "பொட்டலமாக் கட்டிக் குடு, வீட்ல போய் வச்சுக்கிறேன்" என்றாள். "கோவத்துக்குக் குடிக்கிற கஷாயம் பொட்டலத்துல போகாதுன்னு உனக்குத் தெரியாதா தாயி, உக்காரு" என்று முக்காலியைச் சந்தைப் பக்கம் பார்க்கத் திருப்பிப் போட்டேன். நம் வழக்கம் உனக்குத் தெரியும், வாயில் வைப்பதற்கு முன் கோபத்தை வாய்விட்டுச் சொல்ல வேண்டும், அடியில் கிடப்பதை ஒளித்தால் பித்தம் திரும்பி ஏறும். அவள் மகனைத் திட்டினாள், மருமகளைத் திட்டினாள், கடையை வாங்கியவனைத் திட்டினாள். நான் கோப்பையைக் கொடுக்கவில்லை. "அதெல்லாம் மேல மிதக்குற நுரை, அடியில இருக்கறதச் சொல்லு" என்றேன். கஷாயம் ஆறிப்போனது, மறுபடி அடுப்பில் ஏற்றினேன். அதற்குள் தக்காளிக்காரி, கோழிக்காரி, மெழுகுவர்த்திக்காரி என்று சுற்றி ஒரு கூட்டம். கோழிக்காரி "சொல்லித் தொலையேண்டி, என் கோழியெல்லாம் வெயில்ல சாகுது" என்றாள்.

கடைசியில் அழுதுகொண்டே சொன்னாள். "எம் பையன் வேற ஒருத்திய வச்சிருந்தான், அந்தப் பழி அவன் மேல விழக் கூடாதுன்னு நாந்தான் கத கட்டிவிட்டேன். ஒடிலியா எதையும் குடிக்கல. அவ வயித்துல ஒண்ணுமே இல்ல." நான் விடவில்லை, "காது மந்தம், சத்தமாச் சொல்லு" என்றேன். இரண்டாம் முறை மெழுகுவர்த்திக் கடைக்கு அந்தப் பக்கம் வரை கேட்டது. அப்புறம்தான் கோப்பையைக் கொடுத்தேன். முகம் கோணிக்கொண்டு கடைசிச் சொட்டுவரை குடித்தாள், அந்த முகத்தைப் பார்க்க நீ இல்லையே என்றுதான் எனக்கு வயிறு எரிந்தது. மகளே, எனக்கு இரக்கம் வரவில்லை. வரும் என்று நினைத்தேன், வரவில்லை.

குடித்து முடித்ததும் வெல்லத் துண்டுக்குக் கையை நீட்டினாள். கசப்புக் குடித்தவர் நாக்கில் வெல்லம் வைத்து அனுப்பாத தழைக்காரி இந்தச் சந்தையில் இல்லை. நான் வைக்கவில்லை. "அது ஒடிலியா கையாலதான்" என்றேன். இப்போது தினமும் காலையில் வந்து குடித்துவிட்டு வெறும் வாயோடு போகிறாள். கொஞ்சம் தேறியிருக்கிறாள், அதுவும் என் கஷாயத்தால்தான், தொலையட்டும்.

அங்கே வரும் உன் சித்தி மகன் கையில் இரண்டு பொட்டலம் கொடுத்திருக்கிறேன். பெரியது இருமலுக்குக் காகிதப்பூ, தேன் விட்டுக் குடி, வெறும் வயிற்றில் காப்பி குடிக்காதே, ஈரத் தலையோடு வெளியே போகாதே. சின்னதில் இருப்பது அந்த வெல்லத் துண்டு. அதைத் தின்றுவிடாதே. கல்லறைத் திருநாளுக்கு அதை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வா, சந்தை வழியாகவே நடந்து வா, இனி எவளும் உன்னைப் பார்த்து முணுமுணுக்க மாட்டாள். என் முக்காலியில் உட்கார். அவள் வந்து கை நீட்டுவாள். கொடுப்பதும் கொடுக்காததும் உன் இஷ்டம், கொடுக்காவிட்டால் எனக்குச் சந்தோஷம். அது முடிந்த பிறகு எனக்கும் ஒரு கோப்பை கசப்பு வைத்துக் கொடு, உன் கையால் குடிக்கிறேன்.

கடவுள் உன் நெற்றியில் கை வைத்துக் காக்கட்டும். வெல்லத்தில் எறும்பு ஏறாமல் பார்த்துக்கொள்.

உன் வரவைப் பார்த்து அடுப்பை அணைக்காமல் இருக்கும்,
அம்மா எபிஃபானியா