மூன்றாவது அசைவு

ஜன. 8, திங்கள்

பனி. கொரட்டூரில் ரயில் அரை மணி நின்றது. காலரெல்லாம் கரி. அம்பத்தூர் எஸ்டேட் போய்ச் சேர ஒன்பதரை. எம்.இ. ஆய்வுக்கு ஒருவழியாக இடம் கிடைத்தது: சைக்கிள் மணிக்கு மூடி அடிக்கும் பிரஸ் ஷாப். ஒரு மூடிக்கு எவ்வளவு நேரம், எதைக் குறைக்கலாம். இதுதான் என் தலைப்பு.

பிரஸ் ஓட்டுபவர் ஏழுமலை. நாற்பது வயது இருக்கும். ஸ்டாப் வாட்ச்சைப் பார்த்ததும் வேலை மெதுவாகிவிட்டது.

"அத்த பாக்கெட்ல போடு சார். அது பாத்துகினு இருந்தா கை கூச்சப்படுது."

ஜன. 10, புதன்

ஒரு மூடிக்கு ஐந்து அசைவு:
1. வலது கை, தகடு எடுத்தல்
2. அச்சில் வைத்தல்
3. இடது கை, இடுப்பைத் தொடுதல்
4. கால், பெடல். பிரஸ் இறங்கும்
5. இடது கை, மூடியை எடுத்துக் கூடையில் போடுதல்

மூன்றாவது எதற்கு? கேட்டேன்.

"அதுவா? கை ஊடு வந்து சேந்துச்சானு பாத்துக்கறேன் சார். அப்பால தான் கால வெப்பேன்."

சிரித்தேன். அட்டவணையில் இரண்டே பத்தி: தேவையானது, தேவையற்றது. இரண்டாவதில் போட்டேன். குறிப்பு: பழக்கம்.

வாங்க: கிராஃப் தாள், பிளேடு, தலைவலி மாத்திரை.

ஜன. 22, திங்கள்

என் ஆய்வுக்கு வழிகாட்டும் பேரா. அட்டவணையைப் பார்த்தார். மற்ற நான்கிலும் குறைக்க ஒன்றுமில்லை, மனிதர் அவ்வளவு கச்சிதம். மூன்றாவதைக் கழித்தால்தான் ஆய்வுக்கு ஒரு முடிவு. இல்லாவிட்டால் வேறு தலைப்பு, இன்னும் ஆறு மாதம். கழித்தேன்.

மெஸ்ஸில் மறுபடி பூசணிக்காய்.

பிப். 6, செவ்வாய்

முதலாளிக்கு நான் கொடுத்த அறிக்கை பிடித்துவிட்டது. பலகையில் நாளுக்கு இத்தனை மூடி என்று புது எண்ணிக்கை. சூப்பர்வைசர் எல்லார் முன்னாலும்: "படிச்ச புள்ள எழுதி குடுத்துட்டாரு. இனிமே எவனும் இடுப்புல கை வெக்கக் கூடாது."

ஏழுமலையின் இடது கை பாதி தூரம் போய்த் திரும்புகிறது. "பதினோரு வருசமா பழகுன கை சார். சொன்னா கேக்க மாட்டேங்குது." மத்தியானத்துக்குள் கேட்டுவிட்டது. நேரம் குறைந்தது. எனக்குச் சந்தோஷம். ஆமாம், சந்தோஷம்தான்.

பிப். 16, வெள்ளி

கேட்டிலேயே வாட்ச்மேன் சொன்னார்: "நம்ம ஏழுமலைக்கு மூணு வெரலு போச்சு சார். இடது கை. காலையில தான்."

பிரஸ் நின்றிருந்தது. தரையில் மரத்தூள். கூடையில் மூடிகள் அப்படியே.

முதலில் எனக்குத் தோன்றியது: அளவுகள் எல்லாம் எடுத்தாகிவிட்டது, நல்ல வேளை. இதை எழுதாமல் விடப் பார்த்தேன். எழுதிவிட்டேன். அசிங்கமாக இருக்கிறது.

பிப். 18, ஞாயிறு

ஆஸ்பத்திரி. ஆரஞ்சு வாங்கிக்கொண்டு போனேன். எதற்கு ஆரஞ்சு? ஒரு கையால் எப்படி உரிப்பார்? அவர் மனைவி வாங்கி உரித்து, முதல் சுளையை எனக்கே நீட்டினார். தின்றேன்.

மன்னிப்புக் கேட்கப் போனவன், வலிக்கிறதா என்று கேட்டேன்.

"நீ இன்னா பண்ணுவ சார், படிக்க வந்த புள்ள." கட்டுப் போட்ட கை இடுப்பின்மேல் கிடந்தது. "இப்ப கை ஊட்ல தான் கீது. எங்கியும் போவாது."

அவர் மனைவி சிரிக்கவில்லை.

மார்ச் 5, திங்கள்

வெயில் தொடங்கிவிட்டது. அட்டவணையை மாற்றி எழுதினேன். மூன்றாவது: தேவையானது. காரணம்: கை அச்சுக்கு வெளியே இருக்கிறதா என்று பார்க்க. பேரா. படித்துவிட்டுக் குறுக்கே கோடு போட்டார். "விபத்து கம்பெனி விவகாரம். உன் தலைப்பு நேரம். இன்னும் ஆறு மாதம் இருக்கத் தயாரா?"

இல்லை என்றேன். உடனே சொன்னேன், யோசிக்கக்கூட இல்லை.

பழைய அட்டவணையே டைப்புக்குப் போயிற்று.

ஏப். 9, திங்கள்

வாய்மொழித் தேர்வு. இரவல் டை. வெளியிலிருந்து வந்த தேர்வாளர் நல்ல மனிதர், பொறுமையாகப் பக்கம் புரட்டினார்.

"நேரம் எதில் மிச்சமானது?"

"மூன்றாவது அசைவில் சார்."

"சரி, அந்த ஆள் அதை எதற்குச் செய்துகொண்டிருந்தார்? கேட்டீர்களா?"

பேரா. மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கேட்டேன் சார். வெறும் பழக்கம்தான்."