டேப்பில் கழிக்காத பத்து

பதினோரு மணிக்கு, கம்ப்யூட்டரில் அளவு கொடுத்தால் மரம் வெட்டும் அந்த சி.என்.சி. ரௌட்டர் மெஷினை விற்கிறவர் வருவார். பெரியதும் வேண்டாம், நீ சொன்ன சின்னதும் வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிடு.

நேற்று நீ, "பெரிய மெஷின் பட்டறையில அடங்காதுங்க, மறுபடி அளந்து பாருங்க" என்றாய். "முப்பது வருஷத் தச்சனுக்கு நீ அளக்கச் சொல்லித் தர்றியா?" என்று கத்தினேன். காலையில் அளந்தேன். அடங்காது.

டேப்பின் நுனி ஒடிந்த நாளிலிருந்து பத்தாம் சென்டிமீட்டர் கோட்டில் பிடித்து அளந்து, பத்தைக் கழித்துவிடுவேன். மெஷினுக்காக முதலில் அளந்தபோது கழிக்க மறந்திருக்கிறேன். போன வாரம் வாள் மெஷினை ஓடவிட்டே சாப்பிட வந்துவிட்டேன். நீதான் போய் நிறுத்தினாய்.

அளவையெல்லாம் ரௌட்டர் நினைவில் வைத்துக்கொள்ளும் என்றுதான் அதற்கு ஆசைப்பட்டேன். ஆனால் அதற்கும் அளவை நான்தானே சொல்ல வேண்டும்?

நீ சொன்ன டாக்டரிடம் போகிறேன். வீட்டு விலாசத்தை எழுதிச் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன்.

சாப்பாடு அடுப்பின்மேல் மூடியிருக்கிறது.

பட்டறைச் சாவி சர்க்கரை டப்பாவுக்கு அடியில். எடுத்து வேறெங்காவது ஒளித்து வை, எனக்குச் சொல்லாதே.

பி.கு.: நான் கேட்பேன். கத்துவேன். அப்போது இந்தச் சீட்டைக் காட்டு. என் கையெழுத்தாவது எனக்குத் தெரியும்.