சுடாத கால்

ஊசி குத்தியதே தெரியாமல் ஊசி போடுகிற என் அத்தைக்கு,

நீ கண்ணை மூடி ஏழு மாதம் ஆகிறது. இருங்காட்டுக்கோட்டைக் கம்பெனியின் முதலுதவி அறையில் நர்ஸாக இருந்தபோது நீ வைத்திருந்த பெட்டி இப்போது என்னிடம் இருக்கிறது. தாத்தாவின் காலுக்குத் தினமும் நான்தான் கட்டு மாற்றுகிறேன். முதல் வாரம் கட்டு நழுவிக்கொண்டே இருந்தது. இப்போது நழுவுவதில்லை. கோபமாக இருக்கும்போது என் கை ஆடாமல் நிற்கிறது, அத்தை. இந்த வாரம் முழுக்க அப்படித்தான் நின்றது.

கோபம் யார் யார்மேல் என்று சொல்கிறேன். உன்மேலும் கொஞ்சம் இருக்கிறது. கொஞ்சம் இல்லை, நிறையவே.

நம் அம்மன் கோயிலில் போன வெள்ளிக்கிழமை காப்புக் கட்டினார்கள். வரும் ஞாயிறு தீமிதி. பூசாரியான தாத்தாதான் தலையில் கரகத்தோடு முதலில் தீக்குண்டத்தில் இறங்க வேண்டும். அவர் கடந்த பிறகுதான் மற்றவர்கள் இறங்கலாம். பூசாரி உயிரோடு இருக்கும்வரை இன்னொரு கை அந்தக் கரகத்தைத் தொடக் கூடாது. உனக்குத் தெரியாததா? இந்தக் கடிதம் நாளைக்கு யார் கையிலாவது கிடைத்தால் அவர்களுக்கும் புரியட்டும் என்றுதான் எழுதுகிறேன். தாத்தாவுக்கு எண்பது வயது. சர்க்கரை வந்து இருபது வருடம். வலது பாதத்தில் ஆறாத புண். "இன்னொரு தடவை சுட்டால் பாதத்தையே எடுக்கவேண்டி வரும்" என்று வாலாஜாபாத் டாக்டர் போன மாதம் என் முன்னால்தான் சொன்னார். காப்புக் கட்டியவர் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது என்பதால் இப்போது டாக்டரிடமும் போக முடியாது.

செருப்பும் போடக் கூடாது. நம் சாலையில் கம்பெனிக் கழிவு ஏற்றிப் போகும் லாரிகள் வழியெல்லாம் இரும்புச் சுருளை உதிர்த்துக்கொண்டு போகின்றன. செவ்வாய்க்கிழமை மாலை கட்டைப் பிரித்தேன். துணியைக் கிழித்துக்கொண்டு ஒரு சுருள், என் சுண்டுவிரல் நீளம் இருக்கும், பாதத்துக்குள் ஏறியிருந்தது.

"வலிக்கலையா தாத்தா?"

"இன்னாது?" என்றார். நான் இடுக்கியில் பிடித்துக் காட்டியதை, வேறு யாரோ தொலைத்த பொருளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். காலையிலிருந்து அதன்மேல்தான் நடந்திருக்கிறார்.

சர்க்கரை வெகுநாள் இருந்தால் பாதத்தின் நரம்புகள் உணர்வை இழக்கும். இதைச் சொல்ல டாக்டராக வேண்டியதில்லை, நூலகத்தில் அரை மணி நேரம் உட்கார்ந்தால் போதும். அதனால்தான் புதன்கிழமை விழாக் குழுக் கூட்டத்துக்கு ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனேன். சிரிக்காதே. தாத்தா தினப் பூசையை இருக்கும்வரை செய்யட்டும், கரகத்தை மட்டும் இந்த வருடம் அப்பா எடுக்கட்டும், சந்தேகம் இருந்தால் அம்மனிடமே பூப் போட்டு உத்தரவு கேட்கலாம் என்று எழுதியிருந்தேன். எழுந்து நின்று படித்தேன்.

குழுத் தலைவர் ஏழுமலை மாமா முழுக்கக் கேட்டார். பிறகு, "பூ போட்டுக் கேக்கறது யாரும்மா? பூசாரிதானே? அவரு வேலைக்கு அவரே வேட்டு வெச்சுக்குவாரா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். தாத்தாவும் சிரித்தார்.

"அவருக்கு நெருப்பே சுடாது, கண்ணு. போன வருசம் நடுக் குண்டத்துல நின்னு கரகத்தைச் சரி பண்ணாரே, பாத்த இல்ல? உங்கப்பன் நிப்பானா அப்பிடி?" என்றார் மாமா.

"அது அருள் இல்ல மாமா. சர்க்கரை."

பின்னாலிருந்து ஒரு குரல், "பயாலஜி படிச்சிட்டு அம்மனுக்கே மார்க் போட வந்துகீது பாரு" என்றது. மறுபடி சிரிப்பு. அப்பா தன் போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வீடு திரும்பும் வழியில் அப்பாவிடம் சண்டை போட்டேன். "எங்க கம்பெனி லைன்ல அம்பத்தெட்டு வயசு ஆனா மாலை போட்டு வூட்டுக்கு அனுப்பிடறாங்க. சாமி வேலையில அது இல்லையேம்மா" என்றார். "நீங்க சொல்லலாமே அப்பா" என்றேன். "நான் வாயைத் தொறந்தா, அப்பன் உசுரோட கீறப்பவே கரகத்துக்கு அலையறான்னுவாங்க."

ஆக, சொல்ல வேண்டியவர் பதவிக்கு வாரிசு, அதனால் சொல்ல மாட்டார். அம்மனிடம் கேட்க வேண்டியவர் பதவியில் இருப்பவர், அதனால் கேட்க மாட்டார். இப்படி ஒரு பூட்டை யார் செய்தார்கள் அத்தை? சாவைத் தவிர வேறு சாவியே இல்லாமல் ஒரு பதவியை எதற்காகச் செய்து வைத்தார்கள்?

தாத்தா திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. அன்றிரவு கட்டு மாற்றும்போது என்னிடம் மெதுவாகச் சொன்னார்.

"நாப்பது வருசம் சுட்டுச்சுடி. ஒவ்வொரு வருசமும். சுடல, சுடலன்னு ஊருக்குச் சொல்லிகினு, பல்லைக் கடிச்சிகினு நடந்தேன். இப்பதான் நெஜமாவே சுடல. அத்தினி வருசம் பட்டதுக்கு அவ குடுத்தது இது. இப்பப் போய் கரகத்தை வுட்டுடுன்றியே."

நரம்பைப் பற்றிய பாடத்தில் இதற்குப் பதில் இல்லை.

அப்புறம் அவர் சொன்னதுதான் என்னால் தாங்க முடியாதது. "ஞாயித்துக்கிழமை காலையில கட்டை அவுத்துட்டு மஞ்சள் பூசி வுடு. புண்ணு தெரியாம மொத்தமா பூசணும். உங்க அத்தை அப்பிடித்தான் செய்வா."

மூன்று வருடமாக, தீமிதிக்கு முந்தைய நாள்வரை தாத்தாவின் காலில் கட்டு இருக்கும். மறுநாள் இருக்காது. அம்மன் ஒரே ராத்திரியில் ஆற்றிவிட்டாள் என்று ஊரே கையெடுத்துக் கும்பிடும். நானும் கும்பிட்டேன். அடுத்த நாள் மறுபடி கட்டைப் பார்த்து, நெருப்பு பட்டதால் புதிதாகக் கட்டியிருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டேன். அது நீதானா அத்தை? கம்பெனியில் யாருக்காவது விரலில் சின்னக் கீறல் என்றாலும் லைனைவிட்டு இறக்கி, "ஆறினப்புறம் வா" என்று அனுப்புகிறவள் நீ. நம் வீட்டில் மட்டும் ஏன் அவிழ்த்துவிட்டாய்? அவர்மேல் இருந்த அன்பா? பயமா? யாரும் உன்னைக் கேட்க மாட்டார்கள் என்ற தைரியமா? அவர் கெஞ்சினாரா? என்னிடம் கெஞ்சவில்லை. நான் செய்வேன் என்று நம்பிச் சொன்னார். அதுதான் அதிகமாக வலிக்கிறது.

நேற்றிலிருந்து யோசிக்கிறேன். தாத்தாவுக்கு முழங்கால் மடங்காது, தன் பாதத்தைத் தானே எட்ட முடியாது. கட்டோடு குண்டத்தில் இறங்கவும் கூடாது, காலில் துணி இருந்தால் தீட்டு. அந்தக் கட்டை யாராவது அவிழ்த்தால்தான் அவர் இறங்க முடியும்.

நான் மாட்டேன் என்றால் அப்பாவைக் கேட்பார். அப்பா மறுத்தால் ஏழுமலை மாமாவைக் கேட்பார். கேட்கட்டும். அவிழ்க்கிறவர்கள் அந்தப் புண்ணைக் கிட்டத்தில் பார்க்கட்டும், அதன் வாடையை முகரட்டும், தங்கள் கையாலேயே மஞ்சளைப் பூசட்டும். பூசிவிட்டு அம்மன் ஆற்றினாள் என்று சொல்ல முடிந்தால் சொல்லட்டும். என்னால் அவர்களைத் தடுக்க முடியாது.

உனக்கு ஒன்றுதான் சத்தியம் செய்ய முடியும். ஞாயிற்றுக்கிழமை என் கை அந்த முடிச்சைத் தொடாது. திங்கட்கிழமை மாலை வழக்கம்போல நான் அவருக்குக் கட்டு மாற்ற வேண்டும் அத்தை. அதற்கு அவர் கால் வேண்டும்.

உன்மேல் கோபத்தோடும் உன் பெட்டியோடும்,
உன் அண்ணன் மகள், உன் மருமகள்,
நிவேதா