ஞானமுத்து அண்ணன் பெயரில் வந்த கண்ணாடிக் கிண்ணங்கள்

எனக்கு முன்னே புறப்பட்டுப் போய்விட்ட என் ஞானமுத்து அண்ணே,

உங்கள் பெயரைப் பித்தளைத் தகட்டில் வெட்டிவிட்டார்கள். தேக்குத் தட்டு ஒன்றின் விளிம்பில் அதை அறைந்திருக்கிறார்கள். தட்டு நிறைய வரிசையாகக் குழிகள், குழிக்கு ஒன்றாகச் சுண்டுவிரல் உயரக் கண்ணாடிக் கிண்ணம். வருகிற ஞாயிற்றுக்கிழமை முதல் நம் கோயிலில் கர்த்தருடைய இராப்போஜனத் திராட்சரசத்தை ஆளுக்கொரு கிண்ணத்தில் குடிக்கவேண்டுமாம். ஒரே பாத்திரத்தில் சபை முழுக்க வாய்வைப்பது சுகாதாரக் கேடாம். இதற்கு உங்கள் ஞாபகார்த்தம் என்று பெயர்.

நீங்கள் உபதேசியாராக இருந்த எழுமலைப் பக்கத்தில், வாந்திபேதி கண்ட வீடுகளில், சொந்தக்காரனே கிட்டப்போகாத ஆட்களை நீங்கள் தூக்கிக் கழுவினீர்கள். நான்காம் நாள் நீங்களே விழுந்தீர்கள். மூன்று மாதமாகிறது. அந்தச் சாவை வைத்தே சபைக் கமிட்டியார் காரியத்தை முடித்துக்கொண்டார்கள்.

"உபதேசியாரு தொத்து நோயிலதான போனாரு? அவரு பேர்ல சுத்தத்தக் கொண்டுவாரது எம்புட்டுப் பொருத்தம்" என்றார் தேவதாசன் வாத்தியார். சபைக்கு மூப்பர், ஜெபம் செய்தால் கண்ணீர் விடுகிற மனிதர். எல்லாரும் தலையாட்டினார்கள். அந்த மேசையில் நானும் உட்கார்ந்திருந்தேன்.

இந்தக் கடிதத்தை வெளியார் படித்தால் விளங்கவேண்டும் என்பதற்காக, உங்களுக்குத் தெரிந்ததையே சொல்கிறேன். நம் கோயிலில் ரசப் பாத்திரத்துக்கு ஒரு வரிசை உண்டு. யாரும் எழுதிவைக்காத வரிசை. வாடிப்பட்டியிலிருந்து வந்த எங்களைப் போன்ற நிலமுள்ள குடும்பத்தார் முதலில். கூலிவேலை செய்து பிழைத்து, சேரியிலிருந்து ஞானஸ்நானம் பெற்று வந்த உங்கள் ஆட்கள் கடைசியில். போன வருஷம் மதுரை மீனாட்சி கோயிலை எல்லாச் சாதியாருக்கும் திறந்தபோது, "இப்பத்தான் முழிச்சிருக்காக" என்று நாங்கள் கேலி பேசினோமே, ஞாபகம் இருக்கிறதா? நம் வீட்டு லட்சணம் இது.

இந்த வருஷம் ஈஸ்டர் அன்று நீங்கள் முதல் ஆளாக எழுந்துபோய் முழங்காலிட்டீர்கள். குடித்தீர்கள். உங்களுக்கு அடுத்தது நான்.

நான் இருமினேன். கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டு, "தொண்டை சரியில்ல, நான் வாய் வச்சா மத்தவுகளுக்கு ஆகாது" என்று போதகரிடம் சொல்லிவிட்டு என் இடத்துக்குத் திரும்பிவிட்டேன். எனக்குப் பின்னால் நின்றவர்களுக்கு அது போதுமானதாக இருந்தது. ஒருவருக்குத் தலைவலி, ஒருவருக்கு ஜலதோஷம். வரிசையே கலைந்துபோயிற்று. சுகாதாரம் என்ற பேச்சு அந்தக் கோயிலுக்குள் என் வாய் வழியாகத்தான் நுழைந்தது.

கல்லூரியில் ஒழுக்க தத்துவம் நடத்துகிறவன் நான். உசிலம்பட்டிச் சாலையில் இரண்டு பேரும் நடந்துபோகும்போது உங்களை எப்படியெல்லாம் மடக்கப் பார்ப்பேன்! கடவுள் கட்டளையிட்டதால் ஒரு செயல் நல்லதாகிறதா, அது நல்லதாக இருப்பதால் கட்டளையிட்டாரா? முதலாவது என்றால், நாளைக்கே அவர் கொலையைச் செய்யச் சொன்னாலும் அது நல்லதா? இரண்டாவது என்றால், அவருக்கும் மேலே ஒன்று இருக்கிறதே?

நீங்கள் சிரித்தீர்கள். "அவரும் நல்லதும் ரெண்டு ஆளு மாதிரிப் பேசுறீகளே தம்பி. அவரு கொணமே அதுதான? யாரு மேல, யாரு கீழன்னு ஒங்க ஊருப் பழக்கத்துல கேக்குறீக" என்றீர்கள். எனக்குச் சுருக்கென்றது. இருந்தாலும் விடவில்லை. நீ செய்வதை உலகமே விதியாக வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டுப் பார்ப்பதுதான் ஒழுக்கத்துக்கு அஸ்திவாரம் என்று வாதாடினேன். ஈஸ்டர் அன்று நான் செய்ததைக் கோயிலே விதியாக வைத்துக்கொண்டது. பாடத்தில் தேறிவிட்டேன் பாருங்கள்.

அந்த நடையிலெல்லாம் உங்கள் லோட்டாவில் வாய்வைத்துத்தான் தண்ணீர் குடித்தேன். உங்கள் எச்சில் எனக்கு அருவருப்பே இல்லை. சாலையில் பார்க்க ஆளில்லை, கோயிலில் ஆள் இருந்தார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். மனச்சாட்சி கடவுளின் குரல் என்று இருபது வருஷமாகப் பையன்களுக்குச் சொல்லிக்கொடுத்தவனுக்கு, முதுகுக்குப் பின்னால் நின்ற நாலு பேருடைய கண்தான் கடவுளாக இருந்திருக்கிறது. தூ என்று என் மேலேயே துப்பிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

அன்று மத்தியானம் ஆரப்பாளையத்தில் என் வீட்டுக்குச் சுக்குக் கசாயம் கொண்டுவந்தீர்கள். "குடிங்க தம்பி, தொண்டைக்கு நல்லது" என்று பக்கத்தில் உட்கார்ந்துகொண்டீர்கள். கடைசிச் சொட்டு வரை குடித்தேன். நம்பித்தான் கொண்டுவந்தீர்களா? இத்தனை நாள் அந்தக் கேள்வியைத் தொடவே எனக்குத் தைரியம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நான் ஒரு கட்டுரை வாசிக்கவேண்டும் என்பது கமிட்டியின் ஏற்பாடு. கிறிஸ்தவ ஒழுக்கத்தின் அஸ்திவாரம், அதற்கு உதாரணம் உங்கள் தியாகம். எழுதியும் முடித்தேன். தேவதாசன் வாத்தியார் எங்கள் கல்லூரி நிர்வாகத்திலும் இருக்கிறார். அவர் முகம் சுளித்தால் என் வேலை நிலைக்காது. தட்டைத் திறந்துவைக்க உங்கள் மனைவியை அழைத்துவரச் சொல்லி என்னையே அனுப்பினார்கள்.

முந்தாநாள் எழுமலைக்குப் போனேன். எஸ்தர் மதினி முறத்தை வைத்துவிட்டு வந்து, நான் சொன்னதையெல்லாம் கேட்டார். கிண்ணம் எதற்கு என்றார். சுகாதாரம் என்றேன்.

"அன்னைக்கு ஒங்களுக்கு இருமல் இல்லன்னு அவுகளுக்குத் தெரியும் தம்பி" என்றார்.

"தெரிஞ்சுமா கசாயம் கொண்டாந்தாக?"

"தம்பி ஒரு பொய்யச் சொல்லிட்டாரு, இப்பத் தவிச்சுக்கிட்டு இருப்பாரு, நான் போயி நம்புன மாதிரி இருந்துட்டு வாரேன்னாக. போயிட்டு வந்து ரெண்டு நாளு சாப்பிடல."

என்னால் தலை நிமிரவே முடியவில்லை. மதினி அழவில்லை. "விழாவுக்கு வாரேன். ஆனா எனக்குக் கிண்ணம் வேணாம். அவுக குடிச்ச பாத்திரத்துலதான் குடிப்பேன். எனக்குப் பின்னாடி யாரு குடிப்பா, தம்பி?" என்று கேட்டார்.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். இரண்டாம் தடவையும் ஓடிவந்தேன் என்பதுதான் சரி.

நேற்றுப் போதகரிடம் போனேன். பழைய பாத்திரத்தைப் பீரோவில் வைத்துப் பூட்டியிருக்கிறார். மதினி கேட்டதைச் சொன்னேன். "ஒருத்தருக்காக மட்டும் அந்தப் பாத்திரத்த எடுக்க முடியாது. கூட இன்னொருத்தராவது வேணும். யாரு வருவா?" என்று என் முகத்தைப் பார்த்தார். நான் வருகிறேன் என்றேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை. அவரைக் குறைசொல்ல என்ன இருக்கிறது?

எனக்கும் என் மேல் நம்பிக்கை இல்லை அண்ணே. அந்த நேரத்தில் தொண்டை தானாகவே கமறினாலும் கமறும். அதனால்தான் இந்தக் கடிதத்தை அச்சுக்குக் கொடுக்கிறேன். சபைப் பத்திரிகை இதைப் போடாது. மாசி வீதியில் அச்சுக்கூடம் வைத்திருக்கிற இந்து நண்பர் ஒருவர் படித்துப் பார்த்தார். "இத அடிச்சா ஒங்க வேலை போயிரும்ல?" என்று கேட்டார். போகும் என்றேன். "அப்பச் சனிக்கிழமையே குடுத்துர்றேன்" என்றார். கோயில் வாசலில் நானே நின்று ஆளுக்கொன்றாகக் கொடுக்கப்போகிறேன். கட்டுரையைக் கிழித்து அடுப்பில் போட்டாயிற்று.

உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு இது. மதினி குடித்து முடித்ததும் நான் முழங்காலிடுவேன். ஒருவர் குடித்து அடுத்தவருக்குக் கொடுக்குமுன் போதகர் வெள்ளைத் துணியால் விளிம்பைத் துடைப்பது வழக்கம். அன்றைக்குத் துடைக்கவேண்டாம் என்று அவரை இப்போதே கேட்டுக்கொள்கிறேன்.

மதினிக்கு அடுத்து நிற்கும்
உங்கள் தம்பி,
தானியேல்